கதைப் பிள்ளைக்கு நேர்ந்துகொண்ட கூழ்

1

இன்றைக்கு என் மகள் ஹனாவின் வயிற்றில் கத்தி வைத்து ஒரு வருஷம். காலையில் அவள்தான் நினைவுபடுத்தினாள். பிறந்தநாள் மாதிரி இதற்கும் கேக் உண்டா என்று கேட்டாள். "வயித்தைக் கிழிச்ச நாளுக்குக் கேக் வெட்டற குடும்பம் உலகத்துல எங்கயாவது இருக்கா?" என்று அதட்டினேன். அதட்டிக்கொண்டே மாவைச் சலித்தேன். அம்மாவின் வாய் வேறு, கை வேறு என்று பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாதா என்ன? போய் வெண்ணெயை எடுத்து வந்து வைத்தாள்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரத்தில். என் கணவர் பஷீருக்குத் துறைமுகத்தில் கிரேன் பழுதுபார்க்கிற வேலை. ராயபுரம் பக்கம் செய்துகொண்டிருந்த அதே வேலைதான். அங்கே வியர்வை வழியும், இங்கே மூக்கு வழியும், வேறு வித்தியாசமில்லை என்பார். நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் அரைநாள் வேலைக்குப் போகிறேன். மிச்ச அரைநாளுக்குள் வீடு, பிள்ளை, தொழுகை, கதை எல்லாம் அடங்க வேண்டும். குளிர்காலத்தில் இங்கே பகல், விருந்தாளி மாதிரி வந்த சூட்டோடு கிளம்பிவிடும். லுஹர் தொழுது, சாப்பிட்டுக் கை கழுவினால் அஸர் வந்து நிற்கும். அஸர் தொழுது, துணி மடித்தால் மஃரிப். இதில் எங்கே உட்கார்ந்து எழுதுவது?

அதனால் நான் எழுதுவதில்லை, சொல்கிறேன். போனை மிளகாய்த்தூள் டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டு, வெங்காயம் நறுக்கிக்கொண்டே கதையைச் சொல்வேன். சொன்னதை அப்படியே வாய்ஸ் மெசேஜாக வளர்மதிக்கு அனுப்பிவிடுவேன். வளர்மதி என்னோடு தண்டையார்பேட்டையில் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். காசிமேட்டு மீனவக் குடும்பம். இறால் உரிக்கிற கொட்டகையில் வேலை. சின்ன வயதில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மதில்மேல் உட்கார்ந்து நான் கதை விடுவேன், அவள் "அப்பால?" என்று கேட்பாள். அந்த "அப்பால?" இல்லாவிட்டால் இன்றைக்கும் எனக்கு வாயில் வார்த்தை வராது. சனி ஞாயிறுகளில் அதையெல்லாம் நானே திரும்பப் போட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வேன்.

இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது சபூராவின் கதை. துறைமுக கேட்டுக்கு எதிரே இட்லிக்கடை போட்டிருக்கிறவள். பிள்ளை இல்லை. கப்பலில் வேலைக்குப் போன புருஷன் திரும்பி வரவேயில்லை. யார் வம்புக்கு வந்தாலும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு "இப்ப இன்னான்ற?" என்று கேட்பாள். சபூராவுக்கு எங்கள் தெருப் பேச்சுதான். எழுதும்போது நாசூக்குப் பார்க்கலாம், அடுப்படியில் சொல்லும்போது அதெல்லாம் முடியாது. புருஷன் வருவானா மாட்டானா என்று எனக்கே தெரியாமல் கதை முட்டுச்சந்தில் நின்றது. பத்துத் தடவை அவனை வரவைத்துப் பார்த்தேன், பத்துத் தடவையும் உயிரில்லாமல் வந்தான்.

கதை சொல்லும்போது சமையலறைக் கதவைச் சாத்திவிடுவேன். சாத்தி என்ன பிரயோஜனம்? சரியாகச் சபூரா அழப்போகிற நேரம் பார்த்து ஹனா கதவைத் திறப்பாள். "அம்மா, என் சாக்ஸ் எங்கே?" என்று ஜெர்மனில் கேட்பாள். இந்த வீட்டில் சாக்ஸ் தொலைந்த மாதிரி எந்த வீட்டிலும் தொலைந்திருக்காது. பல் ஆடுகிறது என்று வருவாள், பல் விழுந்துவிட்டது என்று வருவாள். பாதியில் குக்கர் கூவும். போனிலிருந்தே தொழுகைக்குப் பாங்கு சொல்லும். எல்லாம் அந்த மெசேஜில் பதிவாகிவிடும். தட்டச்சு செய்யும்போது அந்த இடங்களைத் தாண்டிப் போய்விடுவேன்.

ஹனாவோடு எனக்கு வேறு ஒரு சண்டையும் உண்டு. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்த்தேன். "நான் நலமாக இருக்கிறேன், தாங்கள் எப்படி இருக்கிறீர்கள்" என்று சொல்லித் தந்தார்கள். ஒரு வருஷம் போனாள். நலமாக இருக்கிறேன் என்பதைக்கூட உடம்பு சரியில்லாதவள் மாதிரித்தான் சொன்னாள். பிள்ளை நம் கையைவிட்டுப் போகிறது என்று பஷீரிடம் புலம்புவேன். அவர் டீயை ஆற்றுவார்.

2

போன ஜனவரியில் அன்றைக்கும் இதே அடுப்படிதான். சபூரா துறைமுக கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஹனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஜெர்மனில் ஏதோ சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் கத்தி, தரையில் சுருண்டுவிட்டாள். தொட்டால் நெற்றி அடுப்பாகச் சுடுகிறது. காலையிலேயே வயிறு வலித்திருக்கிறது, பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

டப்பாமேல் பதிவாகிக்கொண்டிருந்த போனைப் பிடுங்கி அவசர எண்ணைக் கூப்பிட்டேன். இத்தனை வருஷம் படித்த ஜெர்மன் அத்தனையும் அந்த நேரத்தில் என்னைக் கைவிட்டது. பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிறது என்று தமிழில் நினைத்து, அதை அப்படியே அவர்கள் பாஷையில் போட்டேன். கொதிப்பதற்கும் சமைப்பதற்கும் அவர்களுக்கு ஒரே வார்த்தைதான். "என் பிள்ளை சமைக்கிறாள்!" என்று கதறியிருக்கிறேன். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாக, "நல்லது, ஆபத்து என்ன?" என்று கேட்டாள். பின்னால் ஹனா போட்ட அலறலைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு விளங்கியது. வண்டி வந்துவிட்டது. பஷீர் துறைமுகத்தில் கிரேன்மேல் இருந்தார், போனை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முகப்பில் இருந்தவருக்கு வேறு கவலை. எங்கள் மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர். என் பாஸ்போர்ட்டில் என் அத்தாவின் பெயர், பஷீருடையதில் அவருடைய அத்தா பெயர், ஹனாவுக்குப் பஷீரின் பெயர். நம் ஊரில் இது ஒரு விஷயமா? அவருக்கோ நாங்கள் யாரோ மூன்று வழிப்போக்கர்கள். "நீங்கள்தான் தாய் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். என் புடவைத் தலைப்பு முழுக்க அவள் வாந்தி எடுத்ததைக் காட்டினேன். அது செல்லாதாம். கடைசியில் ஒரு நர்ஸ் வந்து, பிள்ளை அம்மா அம்மா என்று கூப்பிடுவதைக் காதில் வாங்கி, என்னை உள்ளே அனுப்பினாள்.

குடல்வால் உள்ளேயே வெடித்துவிட்டது என்றார்கள். அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது மணி நான்கரைதான், ஆனால் ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டது. மஃரிப் நேரம். வராண்டா ஓரத்தில் என் மேல்கோட்டை விரித்துத் தொழுதேன். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகு கையேந்தினால், துஆ வரவில்லை. சின்ன வயதிலிருந்து ஓதிய ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. வெறுங்கையோடு போய் நிற்கிறோமே, எதையாவது கொடுத்தால்தானே கேட்க முடியும் என்று தோன்றியது. என்னிடம் எனக்கென்று இருந்தது ஒன்றுதான். "யா அல்லாஹ், கதையை விட்டுடறேன். இனிமே சொல்ல மாட்டேன். பிள்ளையைக் கொடு" என்று நேர்ந்துகொண்டேன்.

பிள்ளையைக் கொடுத்தான். வாரக்கணக்கில் படுத்திருந்து, எலும்பும் தோலுமாக எழுந்து வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் சாக்ஸ் எங்கே என்று கேட்டாள். நான் உட்கார்ந்து அழுதேன்.

வளர்மதிக்கு, "ஹனா தேறிட்டா. இனிமே கதை கிடையாதுடி" என்று மட்டும் அனுப்பினேன். அவள் பலமுறை கூப்பிட்டாள். ஆடிக்கு ஊருக்கு வருகிறேன், நேரில் சொல்கிறேன் என்று முடித்துவிட்டேன். அடுப்படிக் கதவு அதன்பிறகு சாத்தப்படவே இல்லை. ஹனா அதில் சாய்ந்து நின்று என் வாயையே பார்ப்பாள். நான் வாயைத் திறக்காமல் வெங்காயம் நறுக்குவேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கதை சொல்லாமல் நறுக்கினால்தான் வெங்காயம் கண்ணை எரிக்கிறது.

3

ஆடி மாதம், இங்கே பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. தண்டையார்பேட்டையில் என் தங்கை சபீனாவின் வீட்டில் இறங்கினோம். கன்டெய்னர் லாரிகள் தெருமுனையில் முன்பு நின்ற மாதிரியே நின்றன. ஹனா பயணக் களைப்பில் தூங்கினாள். நான் மட்டும் காசிமேட்டுக்கு வளர்மதியைப் பார்க்கப் போனேன்.

கொட்டகைக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. தரையெல்லாம் ஐஸ் தண்ணீர். நடுவில் இறால் மலை. சுற்றிலும் பலகைமேல் பெண்கள் குந்தி உட்கார்ந்து தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, பாத்திரத்தில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது, அதற்குள் சின்ன ஸ்பீக்கர். வாசலில் நின்று, "வளரு இருக்காளா?" என்று கேட்டேன்.

அத்தனை கைகளும் நின்றன. அந்த அமைதியில் ஐஸ் உருகிச் சொட்டுகிற சத்தம் கேட்டது. கோடியில் இருந்த ஒரு அம்மாள், பெயர் எல்லம்மா என்று பிறகு தெரிந்தது, உரித்த இறாலைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடியே, சபூராடி இது!" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஷமீமா!" என்று கூவிக்கொண்டு வளர்மதி ஓடிவந்து ஈரக்கையோடு கட்டிப் பிடித்தாள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இந்த இரண்டு வருஷமும் என் கதையை அவள் தனியாகக் கேட்கவே இல்லை. வந்த மெசேஜை வந்த அன்றைக்கே ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். கொட்டகை முழுக்கக் கேட்டிருக்கிறது.

"ஏன்டி எனக்குச் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ கூச்சப்பட்டுகினு புக்கு பாஷை பேச ஆரமிச்சிடுவே. அத்தொட்டுதான் சொல்லல" என்றாள்.

சரி, இது வரைக்கும் எந்த எழுத்துக்காரிக்கும் சந்தோஷமான செய்திதான். மூன்றாவது நாளே ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொள்ளலாம். ஆனால் எல்லம்மா எழுந்து வந்து என் முன்னால் நின்ற நிற்பு பாராட்ட வந்தவள் மாதிரி இல்லை.

"ஏம்மா, உனுக்கு நல்லாகீதா? பொண்ணு வவுத்த புட்சிகினு அயுவுது, நீ யா அல்லான்னு கத்தறே, அத்தோட கதைய நிறுத்திக்கினு பூட்டே. ஆறு மாசமா நாங்க இங்க பேஜாராகி கீறோம். அந்தப் பொண்ணு கீதா, பூட்சா?"

அன்றைக்கு அவசர எண்ணுக்குப் பேசுவதற்காகப் போனைப் பிடுங்கினேன் அல்லவா, அந்தப் பதற்றத்தில் ஓடிக்கொண்டிருந்த பதிவு வளர்மதிக்குப் போயிருக்கிறது. ஹனாவின் அலறலோடு. சொல்லச் சொல்ல எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. ஏனென்றால் அவர்கள் கேட்டது என் மகளைப் பற்றியல்ல. கதையில் வருகிற பெண்ணைப் பற்றி.

இரண்டு வருஷமாக என் வீட்டுச் சத்தம் எல்லாமே அவர்களுக்குக் கதைதான். குக்கர் கூவினால் துறைமுகத்தில் கப்பல் ஊதுகிறது. போனில் பாங்கு சொன்னால் இட்லிக்கடைக்குப் பக்கத்துப் பள்ளிவாசல். ஏதோ ஒரு பாஷையில் சாக்ஸ் கேட்டுக்கொண்டு வருகிற பெண் யார் என்று அவர்களே உட்கார்ந்து பேசிப் பேசி முடிவு கட்டியிருக்கிறார்கள்.

"சபூரா புருசன் போன எடத்துல ஒருத்திய கட்டிகினான். அவளுக்குப் பொறந்த புள்ள அது. அவ செத்துட்டா. கப்பல்காரங்க புள்ளைய இட்டாந்து சபூராகிட்ட வுட்டுட்டாங்க. அதான் அது பாஷை நமக்குப் பிரியல" என்று மேரி என்கிற பெண் எனக்கே என் கதையை விளக்கினாள். "மொத மொத சபூரா அத்த அதட்டுவா. அப்பால பல்லு வியுந்தப்ப இன்னா பாசமா பேசுவா!"

"புருசன் வரவேயில்லையே" என்றேன்.

"அந்தக் கம்னாட்டி வந்தா இன்னா, வராட்டி இன்னா? அதான் புள்ள வந்துட்சே" என்றாள் எல்லம்மா.

பக்கத்தில் கிடந்த கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருஷம் நான் தேடிய முடிவு, நான் தாண்டித் தாண்டித் தட்டச்சு செய்த இடத்தில் கிடந்திருக்கிறது.

"அது கதை இல்லம்மா, ஷமீமா பெத்த பொண்ணு, நெசம், தேறிட்சின்னு நான் தலபாடா அட்சிகினேன். ஒருத்தியும் நம்பல" என்றாள் வளர்மதி.

"எப்டி நம்பறது? சொந்தப் பொண்ணு துடிக்கறத எவளாவது போன்ல புட்ச்சி அனுப்புவாளா?" என்று எல்லம்மா மடக்கினாள்.

பிறகு அவள் சொன்னதுதான். "அன்னிக்கி இத்த கேட்டுட்டு ஒருத்தியும் சோறு துன்னல. நான் எங்க அம்மன் கோயிலுக்குப் போயி, தாயே, சபூரா பொண்ணு பொயச்சிகினா ஆடிக்கு உனுக்குக் கேவுரு கூய் ஊத்தறேன்னு நேந்துகினேன். மேரி சர்ச்சுல மெய்வத்தி ஏத்திச்சி. இப்போ ஆடியே முடியப் போவுது. பொயச்சாளா இல்லியான்னு நீ சொல்லல. பொயைக்காத புள்ளைக்கிக் கூய் ஊத்துனா அது அபச்சாரம். பொயச்ச புள்ளைக்கி ஊத்தாம வுட்டா தெய்வக் குத்தம். நான் இன்னா பண்றது, நீயே சொல்லு."

அன்றைக்கு மாலை நான்கரை மணிக்கு, அந்த இருட்டில், கோட்டை விரித்து உட்கார்ந்து, எனக்கு உலகத்தில் யாருமில்லை என்றுதானே நினைத்தேன்? என் வாயில் துஆ வராத அந்த நாளில், கடல் தாண்டி ஒரு கொட்டகையே என் பிள்ளைக்காகப் பட்டினி கிடந்திருக்கிறது. இருக்கிறாளா என்றுகூடத் தெரியாத பிள்ளைக்கு. கதையில் வருகிறவள் என்று நம்பிக்கொண்டு. அல்லாஹ்வே, கதையில் வருகிற பிள்ளைக்கு யாராவது நேர்ந்துகொள்வார்களா? நேர்ந்துகொண்டார்கள். எதை நான் விலையாகக் கொடுத்தேனோ, அந்தக் கதைதான் என் பிள்ளைக்காக இத்தனை பேரைக் கையேந்த வைத்திருக்கிறது.

என் நேர்ச்சையைச் சொன்னேன். கதை சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன், மீறினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நேர்த்தி என்றால் என்னவென்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லம்மா மட்டும், "உன் சாமிகிட்ட கேட்டுகினு வா. கூயப் பத்தி ரோசனை பண்ணாத, அம்மனுக்குப் படைக்கறதுக்கு முந்தியே உனுக்குன்னு ஒரு சொம்பு தனியா எட்த்து வெச்சிடறேன்" என்றாள்.

4

என் தங்கை சபீனா மார்க்கக் கல்வியில் ஆலிமாவுக்குப் படித்தவள். பெண்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறாள். என்னைவிடச் சின்னவள், ஆனால் மார்க்கம் என்று வந்தால் எனக்கு அக்கா மாதிரி பேசுவாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள்.

"அல்லாஹ் உன்கிட்ட கதையைக் கேட்டானா?" என்றாள்.

"இல்ல."

"அப்புறம் எதுக்குக்கா நீயா தூக்கிக் கொடுத்துட்டு வந்தே? அவன் இன்னா வட்டிக்கடையா வெச்சிருக்கான், ஒண்ணை அடமானம் வெச்சாத்தான் இன்னொண்ணு தருவான்னு? கேட்டே, கொடுத்தான்."

எனக்குக் கோபம் வந்தது. "உனக்கென்ன, வாய் கிழியப் பேசுவே. அந்த வராண்டாவுல நான் உட்கார்ந்த மாதிரி நீ உட்கார்ந்திருந்தா தெரியும்" என்றேன்.

அவள் கீரையை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மார்க்கம் தடுக்காத, ஆகுமான காரியம் ஒன்றை விட்டுவிடுகிறேன் என்று நேர்ந்தால் அதை முறிக்க வழி இருக்கிறது, ஆனால் முறித்ததற்குப் பரிகாரம் கொடுத்தாக வேண்டும், பத்து ஏழைகளுக்கு வயிறாரச் சோறு போட வேண்டும் என்றாள். "வாக்கை மதிக்கிறதாலதான் பரிகாரம் கொடுக்கறோம். இதுல பயப்பட ஒண்ணுமில்லக்கா" என்றாள்.

கொட்டகைப் பெண்களைக் கூப்பிடலாமா என்று வளர்மதியிடம் கேட்டது தப்பாகப் போயிற்று. "நாங்க ஏயைங்களா? எங்க கூய நீ குடி, உன் பரிகாரச் சோத்த வேற எங்கனா போடு" என்று எல்லம்மா சொல்லி அனுப்பிவிட்டாள். சபீனா குடோன் தெருவிலிருந்து ஆட்களைச் சேர்த்து அழைத்து வந்தாள். நானே ஆக்கினேன். கறி, கத்தரிக்காய், நெய்ச்சோறு. எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவி, ஏப்பம் விட்டு, துஆ செய்துவிட்டுப் போனார்கள். ஹனா ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றினாள். அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நன்றாகத்தான் இருந்தாள். ஆனாலும் அந்தப் பயம் முழுசாகப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

5

மறுநாள் ஹனாவையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் காசிமேட்டுக்குப் போனேன். லாரிகளுக்கு நடுவில் ஆட்டோ நின்று நின்று போனது. அந்த நேரத்தில் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சபூராவை, கொட்டகையை, கூழை, என் நேர்ச்சையை.

கம்பியைப் பிடித்தபடி கடைசிவரை காது கொடுத்தாள். பிறகு ஜெர்மனில் கேட்டாள். "எனக்காகவா நிறுத்தினாய்?"

"ஆமாம்."

"நான் நினைத்தேன், நான் உள்ளே வந்து வந்து கெடுத்ததால் உனக்குக் கோபம் என்று." இன்னும் கொஞ்சம் தூரம் போன பிறகு, வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்த சாக்ஸ் ஒன்றுகூடத் தொலையவில்லை அம்மா. கதவைச் சாத்தினால் சரியாகக் கேட்காது, அதனால் திறந்தேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பேசினால் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.

கொட்டகையில் எங்களுக்கு ஒரு பலகை காலியாக வைத்திருந்தார்கள். வளர்மதி ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டிருந்தாள். ஹனா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். என்னோடு வந்த யாரோ ஒரு பிள்ளை என்று நினைத்து, ஒருத்தி அவள் காலடியில் தண்ணீர் படாமல் சாக்கை இழுத்துப் போட்டாள். யாரென்று நானும் சொல்லவில்லை, வளர்மதியும் சொல்லவில்லை.

பிஸ்மில்லாஹ் சொல்லி ஆரம்பித்தேன். ஆறு மாதம் கழித்து வாய் திறக்கிறேன். சபூரா பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நீதான் தாய் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அங்கே கேட்டார்கள். "இப்ப இன்னான்ற?" என்று அவள் திருப்பிக் கேட்டதும் கொட்டகையே சிரித்தது. கைகள் உரித்துக்கொண்டே இருந்தன. பெண்ணை உள்ளே கொண்டு போனார்கள். சபூரா வெளியே தரையில் உட்கார்ந்தாள். உரிக்கிற சத்தம் குறைந்தது. கதவு திறந்தது. டாக்டர் வெளியே வந்தார்.

அந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டேன். ஒரு வார்த்தைதான் பாக்கி. சொன்னால் கொடுத்த வாக்கை முழுசாக எடுத்துக்கொண்டதாகிவிடும். அந்த வராண்டா, அந்த இருட்டு, அந்தக் கோட்டு எல்லாம் என் முன்னால் வந்து நின்றன. வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை.

எல்லம்மா கையிலிருந்ததைக் கீழே போட்டாள். "அப்பால? சொல்லும்மா. பொயச்சிகினாளா, இல்லியா?"

எனக்குப் பக்கத்திலிருந்து ஹனா எழுந்தாள். மூக்கைப் பொத்தியிருந்த கையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். வகுப்பில் கற்றுக்கொடுத்த தமிழ் எதுவும் அவள் வாயில் வரவில்லை. கதவுக்கு வெளியே நின்று கேட்ட தமிழ்தான் வந்தது.

"ஆங், பொயச்சிகினேன். இப்ப இன்னான்ற?"

அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அந்தக் குரலை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷம் சாக்ஸ் கேட்ட குரல், பல் விழுந்து அழுத குரல், அன்றைக்கு அலறிய குரல். மேரி சிலுவை போட்டுக்கொண்டாள். எல்லம்மா மெதுவாக எழுந்து வந்தாள். ஐஸில் விறைத்த கையைப் புடவையில் நன்றாகத் துடைத்து, ஹனாவின் கன்னத்தைத் தொட்டாள். தொட்டுப் பார்த்தாள், மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்.

"ஏய் வளரு, கேவுரு மாவ கரைச்சி வெய்டி!"